பூஜையில் வைத்த பேட்டரி

ஆயுத பூஜை அன்று வீட்டிலும் போட்டோ ஸ்டுடியோவிலும் எதுவும் காலியாக இருக்கக் கூடாது. இது முதலாளி தாண்டவராயனின் மனைவி வடிவு போட்ட சட்டம். உப்பு ஜாடி விளிம்பு வரை இருக்கும். வண்டியில் பெட்ரோல் மூடியைத் தொடும். பிரிண்டருக்கு மை, குடத்துக்குத் தண்ணீர், எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். 2017இல் அந்தச் சட்டம் ஹெலிகேமுக்கும் வந்தது. திண்டிவனத்தில் கல்யாண வீட்டுக்காரர்கள் ட்ரோன் கேமராவை ஹெலிகேம் என்றுதான் கேட்பார்கள். அதன் நாலு பேட்டரியையும் பூஜைக்கு முந்தின நாள் வடிவே உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக நூறு சதவீதம் ஏற்றினாள்.

ஹெலிகேம் ஓட்டுகிற அருள்நாதனுக்கு அன்று லீவு. இருந்திருந்தால் தடுத்திருப்பான். அல்லது தடுத்திருக்க மாட்டான். ஏனென்றால் தடுக்க வேண்டுமானால் பனமலையைச் சொல்லியாக வேண்டும்.

பனமலையில் மூன்று நாள் முன்பு ஒரு ஜோடியைப் படம் எடுக்கப் போயிருந்தான். ஏரிப் பக்கமிருந்து காற்று தள்ளியது. ஹெலிகேம் பனை மட்டையில் இடித்துப் பாறையில் விழுந்தது. ஒடிந்த இறக்கையை மாற்றிவிட்டான். பேட்டரி ஒன்றின் மூலை நசுங்கியிருந்தது. நசுங்கியதைச் சார்ஜ் போடக் கூடாது, தனியாக மண்ணிலோ இரும்புப் பெட்டியிலோ வைக்க வேண்டும் என்று மெஷின் வந்த நாளில் முதலாளிக்குப் பாடம் எடுத்தவனே அவன்தான். தனியாக வைத்தால் ஏன் என்று கேட்பார். விழுந்ததைச் சொன்னால் ரிமோட்டைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுப்பார். பன்னிரண்டாவதில் கோட்டை விட்டவனுக்கு ஊரில் மரியாதை தந்த ஒரே பொருள் அந்த ரிமோட். அதனால் நசுங்கினதை மற்ற மூன்றோடு பையில் சொருகினான்.

பூஜை அன்று பதினொரு மணிக்கு வந்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கேமராக்கள், லைட்டுகள், சந்தனம், குங்குமம். நாலு எவர்சில்வர் தட்டில் பொரி பரப்பி, தட்டுக்கு ஒரு பேட்டரி. விளக்கை ஒட்டியிருந்த தட்டில் இருந்ததற்கு வயிறு வைத்திருந்தது. உப்பிய இடத்தில் காய்ந்த சந்தனப் பொட்டு நடுவில் வெடித்திருந்தது.

“அண்ணி, இதெல்லாம் சார்ஜ் போட்டீங்களா?”

“நாலும் ஃபுல்லு பா. வெறும் பேட்டரிய சாமி முன்னால வெப்பாங்களா?”

அருள்நாதன் விளக்கருகே இருந்த தட்டைக் காட்டினான். “அண்ணா, அந்த ஒண்ண மட்டும் எடுத்துடணும்.”

“பூஜையில வெச்சத நாளைக்குத்தான்டா எடுக்கணும்,” என்றார் தாண்டவராயன். “உங்க சர்ச்சுல பாதி பூசையில நான் பூந்து மெழுவத்திய தூக்கிக்கினு போனா வுடுவியா நீ?”

“உப்பிக்கினு இருக்குதுண்ணா.”

“பூஜ நேரத்துல நீதான் உப்பிக்கினு வந்துக்கிற. உக்காரு, பொரி துன்னு.”

அப்போது அந்த வாசனை வந்தது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்ததுபோல இனிப்பான வாசனை, பேட்டரி கசிகிற வாசனை. வடிவு மல்லிச் சரத்தை முகர்ந்து பார்த்தாள். அருள்நாதன் யாரையும் கேட்கவில்லை. பொரியோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அங்கே பெயின்ட் பக்கெட்டுகளில் மண் போட்டு வாழைக்கன்று நட்டிருந்தார்கள். ஒரு கன்றைப் பிடுங்கி வீசிவிட்டு, பேட்டரியை அந்தக் குழியில் சரித்தான்.

“டேய், வாழைய புடுங்கறான் பாரு!” என்று தாண்டவராயன் கத்தி முடிப்பதற்குள் சீறல் கேட்டது. வெள்ளைப் புகை கிளம்பி, பிறகு ஒரு முழத்துக்குத் தீ எழுந்தது.

“கிட்ட வராதீங்க! பொகைய மோந்துறாதீங்க!” பக்கத்துப் பக்கெட்டைக் கவிழ்த்து மண்ணை அதன் தலையில் கொட்டிவிட்டுத் தள்ளி நின்றான். அது மண்ணுக்கடியில் இரண்டு முறை குமுறி அடங்கியது. பக்கெட் ஒரு பக்கம் உருகித் தொங்கியது.

பிறகு வடிவு அழ ஆரம்பித்தாள். “வெளக்க கிட்ட வெச்சது நான்தான். சூடு ஏறிப்போச்சி. பூஜ நாளும் அதுவுமா...”

“அறிவுன்னு ஒண்ணு இருக்குதா உனக்கு?” தாண்டவராயன் அவள் மேல் பாய்ந்தார். “எத எங்க வெக்கறதுன்னு தெரியாது? கடையே போயிருக்கும்டி!”

அருள்நாதன் உருகிய பக்கெட்டைப் பார்த்தான். கரிந்ததில் நசுங்கிய மூலையை இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறக்காவிட்டால் இன்றைக்கு அவன் கடையைக் காப்பாற்றியவன். இதையெல்லாம் அவன் கணக்குப் போட்டது உண்மை. வடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நான் ராசி கெட்டவ,” என்றாள்.

“வெளக்கு இல்லண்ணி,” என்றான். “பனமலையில நான் கீழ போட்டுட்டேன். அதுல அடிபட்ட பேட்டரி அது. சொல்லாம பையில வெச்சிட்டேன்.”

தாண்டவராயன் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தான். முந்திக்கொண்டது வடிவு.

“நேத்து அத மடியில வெச்சிக்கினு தொடச்சிக்கினு இருந்தேன்டா. அப்ப வெடிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

பதிலுக்கு நிற்காமல் அவள் உள்ளே போய்விட்டாள்.

“மத்த மூணு?” என்றார் தாண்டவராயன்.

“அதுக்கு ஒண்ணும் இல்லண்ணா. ஆனா ஃபுல்லா வெச்சா நாளாக நாளாக அதுவும் உப்பும். பாதியா கொறைக்கணும்.”

“கொற.”

“பூஜையில வெச்சத...”

“நாங்கதான் தொடக் கூடாது. நீதான் தொட்டுத் தொலைச்சிட்டியே.”

அருள்நாதன் மூன்றையும் வாசல் சிமென்ட் தரைக்குக் கொண்டுவந்தான். இறக்கைகளைக் கழற்றி, ஒரு பேட்டரியை மாட்டி, ஹெலிகேமைச் சும்மா ஆன் செய்து வைத்தான். இப்படிக் குறைய ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாண்டவராயன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ரிமோட் அவர் மடியில் இருந்தது.

“நாளைக்கு வரட்டுமாண்ணா?”

“எவ்ளோ காட்டுது?”

அருள்நாதன் அவர் மடியிலிருந்த ரிமோட்டை எட்டிப் பார்த்தான். “தொண்ணூத்தாறு.”

“பாதியாவட்டும். அப்பறம் சொல்றேன்.”