ஹோர்ன் துறைமுகப் படம்

தாள் கசங்காமலிருக்கச் சிறு மெத்தைமேல் வைத்த புத்தகம் மேசையைச் சுற்றி இடப்பக்கமாகக் கைமாறி வந்தது. ஹார்லெம் நகரில் பழைய ஊர்க்காட்சிப் புத்தகங்கள் சேர்ப்பவர்கள் மாதந்தோறும் கூடிப் பார்க்கும் முறை அது. ஹெர்ப்ரண்டின் முறை வந்ததும், பக்கத்தில் இருந்த திரெய்ன்ச்சே எழுந்து அவரைத் தாண்டிப்போய் அடுத்தவரிடம் கொடுத்தாள்.

"உங்க கையில காப்பி இருக்கே, அதான்" என்றாள்.

கோப்பை எப்போதோ காலியாகியிருந்தது. எதிரே இருந்த லுப்பெர்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

இலையுதிர்காலத்தில் லுப்பெர்ட் ஏலத்தில் எடுத்த புத்தகத்தை முதலில் பார்க்க வந்தவர் ஹெர்ப்ரண்ட்தான். தான் பிறந்த ஊரான ஹோர்னின் துறைமுகப் படத்துக்காக வந்தார். லுப்பெர்ட் அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருக்க, ஹெர்ப்ரண்ட் புத்தகத்தோடு தனியே இருந்தார். அவர் போனபின் ஹோர்ன் பகுதியைப் புரட்டினால் படம் இல்லை. ஏலத்துக்கு முன் லுப்பெர்ட் அதைக் கண்ணால் பார்த்திருந்தார்.

ஹெர்ப்ரண்டிடம் எதுவும் கேட்கவில்லை. திரெய்ன்ச்சேவுக்குத் தொலைபேசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "அவர் வந்துட்டுப் போனா உங்க படங்களையும் எண்ணிப் பாத்துக்கங்க."

இன்று காலை அந்தப் படம் கிடைத்தது. அந்தக் காலத்தில் செப்புத்தகட்டில் அச்சடித்த படங்களைத் தனித்தாளாகவே விற்பார்கள். வாங்கியவருக்குப் புத்தகம் கட்டித்தரும் பைண்டர் தனக்குத் தோன்றிய இடத்தில் சேர்த்துத் தைப்பார். இதை ஹோர்ன் பகுதியில் தைக்காமல், வேறோர் ஊரான எடாமின் பகுதியில் தைத்திருந்தார். கடைசித்தாள்வரை புரட்டாமல் படம் இல்லையென்று சொல்லக்கூடாது என்று புதிதாக வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவர் லுப்பெர்ட். அவர்தான் புரட்டவில்லை.

அந்தப் புத்தகம் இப்போது அவர் பைக்குள்தான் இருந்தது. பேசாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம். மெத்தைமேல் வந்த அடுத்த புத்தகமும் ஹெர்ப்ரண்டைத் தாண்டிப் போயிற்று.

"ஹோர்ன் படம் கிடைச்சிருச்சு" என்றார் லுப்பெர்ட். "எடாம்ல தைச்சிருக்கு. நான்தான் சரியாப் பாக்கல. ஹெர்ப்ரண்டைப் பத்தி நான் சொன்னது தப்பு."

பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திரெய்ன்ச்சே தேவையில்லாமல் அழுத்தி மூடினாள்.

"ஓ, அதுதானா?" என்றார் ஹெர்ப்ரண்ட். "எனக்கு ஏதோ தொத்து வியாதின்னு நெனச்சுட்டீங்களோன்னு பாத்தேன்."

ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

லுப்பெர்ட் எழுந்து போய்ப் புத்தகத்தை ஹெர்ப்ரண்ட் முன்னால் வைத்து, அந்த இடத்தைத் திறந்தார். படம் இரண்டாக மடிந்திருந்தது. ஹெர்ப்ரண்ட் குனிந்தார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

"பாதிதான் தெரியுது. நாங்க இருந்த சந்து அந்தப் பக்கம்."

"பிரிச்சுப் பாரேன்."

"நீயே பிரி, லுப்பெர்ட். நான் தொடல."

லுப்பெர்ட் பிரித்தார். ஹெர்ப்ரண்ட் பார்த்து முடிக்கும்வரை, தாளின் ஓரத்தைப் பிடித்தபடி அவர் பக்கத்திலேயே நின்றார். ஹெர்ப்ரண்ட் அவசரப்படவில்லை.