பஞ்சநாதத்தின் காருக்குள் மழை

சிதம்பரம் கீழவீதிப் பஞ்சநாதத்தின் காரில் மழை நாளில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது வழக்கம். யுத்தம் முடிந்த வருஷத்து ஐப்பசியில், அவர் மகளுக்குப் பேசியிருந்த கடலூர் மாப்பிள்ளையின் மாமன் அது தெரியாமல் ஏறிவிட்டார். "காரே இப்படி ஒழுவுது, குடும்பம் எப்படியோ" என்று ஊரில் போய்ச் சொன்னார். இன்று மாப்பிள்ளையின் தாயார் ஜகதாம்பாளே பெண் பார்க்க வருகிறாள். கடலூர் போய் அழைத்து வரவேண்டும். வானம் கறுத்திருந்தது.

மைத்துனன் சுப்புரத்தினம் ஏற்கெனவே காரின் கூரை முழுக்கத் தார் பூசியிருந்தான். ஒழுகாத இடங்களெல்லாம் இப்போது மிகப் பத்திரம்.

"இன்னொரு கோட் அடிச்சா நின்னுடும் மாமா."

"நின்னுடும் மச்சான், கல்யாணம்."

ஒழுகலைக் கண்டுபிடிக்க வீரம் வேண்டாம், வரிசை போதும். நீர் நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. இடையில் தகட்டோடு ஊர்ந்து வரும். ஆகவே விரிப்பை எடுத்து, தரையைத் துடைத்து, கோலமாவு தூவவேண்டும். ஒருவர் உள்ளே உட்கார, மற்றவர் வெளியிலிருந்து கீழிருந்து மேலாக நீர் ஊற்றவேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லாச் சந்தும் ஒன்றாக நனைந்து, குற்றவாளி தப்பிவிடும்.

பஞ்சநாதம் குடத்தைத் தூக்கினார். தார் நிபுணன் உள்ளே. கதவடியில் ஊற்றினார், மாவு நனையவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, காற்று வரத் திறக்கும் மூடியின்மேல் ஊற்றினார்.

"ஐயோ, முழங்கால்ல கொட்டுது!"

அந்த மூடிக்கடியில் ஒரு சிறு தொட்டி உண்டு. அதில் விழும் மழைநீரை ஒரு குழாய் தெருவுக்கு இறக்கிவிடும். காரைச் செய்த வெள்ளைக்காரனுக்கு மழை தெரியும், வெள்ளிக்கிழமை தெரியாது. குழாயில் கம்பியை விட்டுக் குத்தியதும் கல்லாய் இறுகிய சந்தனமும் குங்குமமும் அட்சதையும் வந்தன. காருக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று பஞ்சநாதத்தின் மனைவி சிவகாமியம்மாள் வாராவாரம் அந்த மூடிக்குச் செய்த பூஜை.

"உங்க அக்காகிட்ட நீ சொல்லு."

"உங்க பொண்டாட்டி மாமா. நீங்களே சொல்லுங்க."

இருவரும் சொல்லவில்லை. மறுபடி ஊற்றிப் பார்த்தார்கள். மாவு மாவாகவே இருந்தது.

கடலூரிலிருந்து திரும்பும்போது, ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை கொட்டியது. அண்ணன் எச்சரித்திருந்ததால் ஜகதாம்பாள் காருக்குள்ளேயே குடையை விரித்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். புதுச்சத்திரத்தில் காலை இறக்கினாள். சிறிது தூரத்தில் குடையையும் மடக்கினாள்.

"ஈரமே இல்லியே! எங்கண்ணன் என்னென்னமோ சொன்னாரு?"

"அவுங்களுக்கும் வயசாவுதுல்ல" என்றார் பஞ்சநாதம் பணிவாக.

"தட்டு மாத்த நாள் பாத்துட்டீங்களா?"

பெண்ணை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.