கடைசி வண்டிக்கு வந்த கூட்டம்

எங்கள் புறநகர் ரயில் பாதையில் யாருமே ஏறுவதில்லை என்பதால் அதை மூடுவதென்று முடிவாயிற்று. கடைசி மின்ரயிலுக்குக் கார்டு நான். அன்றைக்கென்று பார்த்து நடைமேடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஏணிமேல் ஏறி, கேமராவும் கையுமாக, "இத்தனை வருஷம் ஓடினியே, ரொம்ப நன்றி!" என்று ஒரே அழுகை.

"உள்ளே காலியாத்தான் இருக்கு, ஏறுங்களேன்," என்றேன்.

"ஏறிட்டா எப்படிங்க படம் எடுக்கறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் உள்ளூர்க்காரர் இகராஷி. "கார்ல முந்திப் போய் அடுத்த ஸ்டேஷன்லயும் எடுக்கணும்ல!"

விதிப்படி வெள்ளைக் கையுறை விரலை நீட்டி, "பயணிகள் ஏறியாச்சு, சரி!" என்று யாருமில்லாத வாசலைப் பார்த்துக் கூவிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வண்டி நகர்ந்தது. ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"யோவ் கார்டு, தலையை உள்ளே இழுய்யா!" என்று அலறினார் இகராஷி. "படத்துல ஆள் விழுது!"