'அவங்க'ன்னு சொல்லியிருக்கலாம்

அந்த மருத்துவமனையில் அவள் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது வேலை. தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி ஊழியர்களுக்கு நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசும்படி தலைமை நர்ஸ் கேட்டபோது ஒப்புக்கொண்டாள்.

மைக்கைப் பிடித்ததும் சுற்றி வளைக்கவில்லை. "நான் ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே வீட்ல குடும்பமா இருக்கோம். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, ஐசியூ வாசல்ல அவளை 'நீங்க யாரு'ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடாதீங்க" என்றாள்.

கைதட்டல் அரங்கை அதிர வைத்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

கீழே இறங்கியதும் நிர்வாக அதிகாரி ஓடி வந்து கைகுலுக்கினார்.

"பிரமாதம்மா! அப்படியே அவங்களாவே மாறிட்டீங்க. என்ன நடிப்பு!"

"நடிப்பு இல்ல சார். நான் என்னைப் பத்திதான் பேசினேன்."

"பாத்தீங்களா, இன்னும் அதுலேர்ந்து வெளிய வரல!" என்று சிரித்தபடி டீயை நீட்டினார்.

டீயை வாங்காமல் நடந்தாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் யாரோ எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருந்தது. 'சமூகத்துக்காகக் குரல் கொடுக்கும் என் தங்கச்சி' என்று அண்ணன் பெருமையோடு போட்டிருந்தான். சித்தப்பாக்கள் வரிசையாகப் பூங்கொத்து அனுப்பியிருந்தார்கள். அம்மா போன் செய்தாள்.

"நல்லா பேசினேடி. ஆனா 'நான் நான்'னு சொன்ன இடத்துல எல்லாம் 'அவங்க'ன்னு சொல்லியிருக்கலாம். கேக்குறவங்க தப்பா எடுத்துக்குவாங்க."

"தப்பா எடுத்துக்கலம்மா. யாருமே எடுத்துக்கவே இல்ல. அதான் பிரச்சினை."

"சரி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா."

தன்னவளையும் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கால்நடை மருத்துவர். அந்த வீட்டில் எல்லோருக்கும் 'நாய் டாக்டர்'. அத்தையும் வந்திருந்தாள்.

"இந்தப் பொண்ணு யாரு?" என்றாள் அத்தை.

"ரூம் மேட்" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

"ரூம் மேட் இல்லம்மா."

"சாப்பாடு ஆறுது, உக்காரு."

"ஆறட்டும்! வீட்ல சொன்னேன், போன்ல சொன்னேன், இப்ப மைக்லயும் சொல்லியாச்சு. இன்னும் எத்தனை தடவைம்மா சொல்றது? காது கேக்கலையா?"

அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொத தடவையே கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

"கேட்டுச்சுன்னு ஒத்துக்கிட்டா, அடுத்து நான் ஏதாவது பேசணும்ல? என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியலடி."

"அப்ப தெரியலன்னு சொல்லு. நான் பேசினதை வேற யாரோ பேசின மாதிரி ஆக்காதே."

அம்மா அத்தையின் பக்கம் திரும்பினாள். "இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வாழறாங்க. எனக்கு இது இன்னும் புடிபடல" என்றாள். அவ்வளவுதான். அணைத்துக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. அத்தை தண்ணீர் கேட்டாள்.

திரும்பும் வழியில் நாய் டாக்டர்தான் காரை ஓட்டினாள்.

"இன்னைக்கு உங்கம்மா அவங்க வாயாலயே சொன்னாங்க. அது பெரிய விஷயம்தானே?"

"பெரிய விஷயம்தான். ஆனா கெஞ்சிக் கூத்தாடி வாங்கின மாதிரி இருக்கு. எனக்குக் கோவம் போகல."

"போக வேணாம். யாரு போகச் சொன்னா?" என்றபடி அவள் கியரை மாற்றினாள்.