ஆரினின் ராக்கெட்டில் இரண்டு அடி கூடுதல்

"பழுது பாத்துக் குடுன்னுதானே சொன்னேன். அறுத்து நீட்டச் சொன்னேனா?"

ஆர்டிஸின் குரல் தெருவைத் தாண்டி என் சமையலறைக்குள் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

எதிர்வீட்டு வெர்லினுக்குக் கார்களின் ஒடுக்கெடுத்து பெயின்ட் அடிக்கும் தொழில். அவன் கராஜ் மேசையில் கிடந்தது ஆர்டிஸின் புருஷன் ஆரின் பொழுதுபோக்காகச் செய்து பறக்கவிட்ட ராக்கெட். போன வருஷம் பாராசூட் சிக்கி, விழுந்து நொறுங்கியது. அதைச் சரிசெய்வதற்குள் குளிர்காலத்தில் ஆரினே இறந்துபோனான். அவன் செய்தபடியே அது ஒருமுறை மேலே போய், பாராசூட் விரித்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஆர்டிஸ் கேட்டது அவ்வளவுதான். வெர்லினோ உடலை இரண்டு அடி நீட்டி, இறக்கைகளைப் பெரிதாக்கி, இருமடங்கு வலுவான மோட்டாருக்கு இடம் பண்ணியிருந்தான்.

"இன்னும் உசரப் போனா நல்லாருக்குமேன்னு..." என்று இழுத்தான்.

"ஆரினுக்கு அந்த உசரம் போதுமா இருந்துச்சு. உனக்கென்ன?"

அவனுக்கென்ன என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்கள் தெருவுக்குத் தெரியும், அவளைத் தவிர.

அதன்பின் மூன்று வாரம் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நீட்டியதை மறுபடி குறைக்க வழியில்லை; அழகையாவது கூட்டுவோம் என்று வெர்லின் இறங்கினான். உடலின் நடுவில் தீக்குச்சித் தலை அளவில் நான்கு துளைகள் இருந்தன. துளையைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. பட்டி பூசி, தேய்த்து, சிவப்பு பெயின்ட் அடித்தான். என்ன நேர்த்தி என்று தங்கையிடம் போனில் வேறு புகழ்ந்தேன்.

எங்கள் கான்சாஸில் கோதுமை அறுத்த பிறகுதான் ஏவுவதற்கு வயல் கிடைக்கும். அறுவடை முடிந்த சனிக்கிழமை ஆர்டிஸும் வயலுக்கு வந்தாள்; வெர்லின் முடிவெட்டி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். தன்னைக் கட்டிக்கொள்வாயா என்று இன்று அவளிடம் கேட்டுவிடுவான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏவும் முன் ராக்கெட்டுகளைச் சோதிக்கும் கெர்ட் வழக்கமாகப் பத்துக் கேள்வி கேட்பவர். அன்று பெயின்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ராக்கெட் குண்டூசியளவு ஆகும்வரை ஏறியது. கையால் கண்ணுக்கு நிழல் கொடுத்துப் பார்த்த ஆர்டிஸின் முகத்தில் அந்த வருஷத்தின் முதல் சிரிப்பு. பாராசூட்டுக்காகக் காத்திருந்தோம். விரியவில்லை. மூக்குக் கீழாக வந்து, பாதி உடல் வரை மண்ணில் குத்தி நின்றது.

தோண்டி எடுத்த கெர்ட்தான் சொன்னார்: உள்ளேயிருக்கும் கருவி வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணக்கிட்டுப் பாராசூட்டைத் தள்ளும்; அந்தக் காற்று உள்ளே போக விட்ட வழி அந்த நான்கு துளைகள். சின்ன ராக்கெட்டுகளை மட்டுமே விட்டுப் பழகிய வெர்லின் அப்படியொரு கருவியைக் கண்டவனில்லை.

"ஆரின் வேணும்னே போட்ட ஓட்டைன்னு எனக்குத் தெரியாது, ஆர்டிஸ்."

"எனக்குத் தெரியும்," என்றாள். "வீம்புக்கு வராம இருந்தவ நான்தானே. ஒரு தடவ வந்து பாத்திருந்தா..."

அவள் முடிக்கவில்லை. அவனும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் ஆர்டிஸ் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க அரிசோனாவிலுள்ள டூசானுக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து, அங்கே மனைவியை இழந்த ஒரு தபால்காரரைக் கட்டிக்கொண்டாள். அழைப்பிதழ் வெர்லினுக்கும் வந்தது. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கார்கள் கடையில் குவிந்து கிடக்கின்றன, நகர முடியாது என்றான். அந்த வருஷம் எங்கள் ஊரில் ஆலங்கட்டியே விழவில்லை.