சனிக்கிழமைப் பரிசோதனை

அவளுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ பெரிய நோய்க்காரி என்று நீங்கள் பாவம் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவளுக்கு வருகிற கழுத்துவலி, சாயங்காலமானால் கொஞ்சம் அசதி. அவ்வளவுதான்.

துணிக்கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. நீளமான கால்சட்டையை மடித்துத் தைப்பது, தொளதொளவென்ற இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது, அறுந்த பொத்தானை மாற்றுவது. கடையில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. சுவரிலுள்ள சின்ன ஜன்னல் வழியாகத் துணி உள்ளே வரும், தைத்ததும் அதே வழியாக வெளியே போகும். ஆள் வருவதில்லை. கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "நல்லா இருக்கியாம்மா?" என்பாள். இவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அங்கே குழந்தை அழும், போனை வைத்துவிடுவாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் வேலை முடிந்து வீட்டுப் பூட்டைத் திறந்தால், காலையில் குடித்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டு கடை தள்ளி, சத்து மாத்திரை விற்கிற கடை ஒன்று திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் நிறைய டப்பாக்கள். சனிக்கிழமைகளில் இலவசப் பரிசோதனை. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு பித்தளைக் குச்சியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்குப் போகும். உடம்பில் என்னென்ன சத்து குறைவு என்று அந்தப் பெட்டி கண்டுபிடித்துவிடுமாம். எப்படி என்று கேட்காதீர்கள், கடைக்காரருக்கே தெரியாது.

குச்சி நழுவாமல் இருக்க, கடையில் வேலை பார்த்த பெண் ஊசியக்காவின் கையைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டாள். மகளைவிடச் சின்னவள்.

"கை ஏம்மா இவ்வளவு சில்லுனு இருக்கு? சாப்பிட்டீங்களா?"

ஊசியக்கா தலையாட்டினாள். மீதிச் சில்லறை கொடுக்கிறவர்களைத் தவிர அவள் கையை யாராவது தொட்டு எத்தனை காலமாயிற்று! அந்த உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டி மெதுவாகவே வேலை செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

காகிதம் வந்தது. போதுமானது பச்சையில், குறைந்தது சிவப்பில். அவளுக்குப் பாதிக்கு மேல் சிவப்பு.

"பயப்படாதீங்கம்மா. இந்த மாத்திரையெல்லாம் சாப்பிடுங்க. அடுத்த சனிக்கிழமை வாங்க, திரும்பப் பாத்துடலாம்."

அடுத்த சனிக்கிழமை வாங்க என்றது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

போனாள். சிலது பச்சையாகியிருந்தது, வேறு சிலது சிவப்பாகியிருந்தது. இன்னொரு டப்பா. அதற்கடுத்த வாரம் மறுபடியும் ஒன்று. சிவப்பைப் பார்த்து வாய்விட்டு "ஐயையோ" என்பாள், உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும். எல்லாமே பச்சையாகிவிட்டால், எதைச் சொல்லிக்கொண்டு அங்கே போய் உட்காருவது?

கொஞ்ச காலம் கழித்து விரல் நுனியெல்லாம் மதமதவென்று ஆனது. குண்டூசியை எடுத்தால் கையில் நிற்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னாள். காகிதத்தில் நரம்பு என்ற வரி சிவப்பில் வந்தது.

"நரம்புச் சத்து கம்மியா இருக்கும்மா. அதான் மரத்துப்போகுது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஊசியக்காவும் சும்மா இருக்கவில்லை. தையல் பிரிந்துவிடுமோ என்று சந்தேகம் வந்தால் மேலேயே இன்னொரு தையல் ஓட்டிவிடுவது அவள் வழக்கம். மாத்திரைக்கும் அதே கணக்கைப் போட்டாள். காலையில் ஒன்று என்றால் இரண்டாக விழுங்கினாள், ராத்திரியும் விழுங்கினாள். மருந்துக்கடையில் தானாகவே இன்னொரு டப்பா கேட்டு வாங்கினாள். சத்துதானே, விஷமா என்ன?

ஒருநாள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து முதலாளி, "என்னக்கா இது?" என்று அலறினார். அவள் நீட்டிய வெள்ளைச் சட்டையில் திட்டுத் திட்டாக ரத்தம். யார் ரத்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தால், ஊசி அவளுடைய நடுவிரலில் ஏறி நின்றுகொண்டிருந்தது. வலிக்கவே இல்லை.

ஊசியைப் பிடுங்கினாள். இந்தக் கை போய்விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது?

முதலாளி குரலைத் தணித்துக்கொண்டார். "நல்ல டாக்டரைப் பாருங்க. கை சரியாகாம தைக்க உக்காராதீங்க, சொல்லிட்டேன்."

டாக்டர் சிடுசிடுப்பானவர். விரல்களைச் சோதித்தார், கால்களைத் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுக்க எழுதினார். பிறகு, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அவள் பையைத் திறந்து மேசைமேல் வைக்க வைக்க அவர் முகம் மாறியது. ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்தார்.

"இதிலயும் வைட்டமின் பி6. இதிலயும் பி6. இது நாலாவது. யாரும்மா இதையெல்லாம் எழுதிக் கொடுத்தது?"

"பெட்டி... ஒரு குச்சியைப் பிடிக்கச் சொல்லி மெஷின்ல பாத்தாங்க. நரம்புச் சத்து கம்மின்னு."

"குச்சியைப் பிடிச்சா சத்து தெரியுமா? வைட்டமினும் அளவு மீறினா கெடுதல்தான். இது கம்மியானதால மரத்துப்போகலம்மா, அதிகமானதால. இன்னையோட நிறுத்துங்க."

"நிறுத்தினா பழையபடி வந்துடுமா டாக்டர்?"

"பல பேருக்கு மெதுவா வரும். உங்களுக்கு எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது."

ஒரு சனிக்கிழமை போகாமல் இருந்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை சண்டை போடத்தான் கிளம்பினாள். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். உழைச்சுப் பிழைக்கிறவ கையைக் கெடுத்துட்டியேடி, நீ நல்லா இருப்பியா?

"அம்மா! ஆளையே காணோமே!" என்று அந்தப் பெண் ஓடிவந்தாள். "உடம்புக்கு என்னவோ ஏதோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். போன் நம்பர்கூட வாங்கி வைக்கல. உக்காருங்க."

பாழாய்ப்போன பழக்கம், ஊசியக்கா உட்கார்ந்துவிட்டாள். கையும் தானாக மேசைமேல் போய்விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரிலிருந்த டப்பாக்களை முறைத்தாள். அந்தப் பெண் ஒயரைச் செருகினாள், பட்டனைத் தட்டினாள், என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். கையைப் பிடிக்கட்டும், பிடித்ததும் உதறிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று ஊசியக்கா காத்திருந்தாள். பிடிக்கிற வழியாகத் தெரியவில்லை.

காகிதம் வந்தது.

"பாருங்கம்மா, நரம்பு பச்சை! நான் சொன்னேன்ல?"

வந்ததே கோபம். "என் கையைத் தொடக்கூட இல்ல, அதுக்குள்ள எப்படிடீ பச்சையாச்சு?"

"தொடலையா?" அந்தப் பெண் சிரித்தாள். "முதல்லேருந்து பிடிச்சுக்கிட்டுதானேம்மா இருக்கேன்."

ஊசியக்கா திரும்பிப் பார்த்தாள். பித்தளைக் குச்சியோடு சேர்த்து அவள் கை அந்தப் பெண்ணின் கைக்குள் பொதிந்திருந்தது.

கோத்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. அழுகைதான் வந்தது. "டாக்டர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டார், கண்ணு. இந்த மாத்திரையாலதான் கை போச்சாம். உன் பெட்டி சொல்றது பொய்."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் காகிதத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காதே," என்றாள் ஊசியக்கா. "இறுக்கிப் பிடி."

அந்தப் பெண் குச்சியை உருவி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் பிடித்தாள். "இப்பத் தெரியுதாம்மா?"

ஊசியக்கா கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னும் இறுக்கி," என்றாள்.