மூச்சு எண்ணும் முடிகள்

குறைமாதக் குழந்தைகளின் மூச்சை எண்ண மார்பில் ஒட்டும் பட்டையை உரிக்கும்போது, சில சமயம் தோலும் கூடவே வந்துவிடுகிறது என்று நாத்தனார் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. நாத்தனார் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நர்ஸ். அவளோ நுண்கருவிகள் செய்யும் எஞ்சினியர். பூச்சிகளுக்கு இருப்பதுபோல், காற்றுப் பட்டாலே அசையும் முடிகளை வைத்து உடம்பைத் தொடாத கருவி ஒன்று செய்ய இறங்கினாள்.

நகமளவு தகட்டில் நானூறு முடிகள். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மையைப் படுக்கவைத்து, ரப்பர் பையால் மூச்சு ஊதினால் கச்சிதமாக எண்ணியது. பெட்டியின் வெதுவெதுப்பான காற்றை ஓடவிட்டால் போச்சு. முடிகள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். மூச்சு இருந்த இடம் தெரியாது. ஐந்து மாதம் தலைகீழாக நின்று பார்த்தாள்.

ஒரு ஞாயிறு காலை, கணவன் செருப்போடு கரப்பானைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"ஓங்குறதுக்குள்ள ஓடிடுதே! முதுகுலயும் கண்ணு இருக்கா?"

"வால்பக்கம் முடி இருக்கு. செருப்புக் காத்து பட்டதும்..." பாதியில் நின்றாள். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அந்தக் காற்றுக்கு அது ஏன் ஓடவில்லை?

"அடிக்காதீங்க. சும்மா ஓங்குங்க. மெதுவா ஒரு தடவை, வேகமா ஒரு தடவை."

"உனக்கு என்ன ஆச்சு?" என்றாலும் ஓங்கினான். மெதுவாக இறக்கியபோது அது மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. விசுக்கென்று ஓங்கியதும் அடுப்புக்கடியில் மறைந்தது. வீசிக்கொண்டே இருக்கும் காற்றை அது சட்டை செய்யவில்லை; சட்டென்று மாறும் காற்றுக்குத்தான் பயந்தது. அவளோ முடி எவ்வளவு சாய்ந்தது என்றே அளந்துகொண்டிருந்தாள்.

மறுநாளே முடிகளைக் குட்டையாக, விறைப்பாக மாற்றி, மாற்றத்தை மட்டும் படிக்கும்படி கருவியைத் திருத்தினாள். பெட்டிக் காற்றிலும் பொம்மையின் மூச்சு பிசகவில்லை.

ஆஸ்பத்திரி அனுமதிக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஒரு குழந்தைக்குப் பழைய பட்டையோடு, முகத்துக்கு ஒரு பக்கமாக இவள் தகட்டையும் வைத்து ஆறு மணி நேரம் பார்த்தார்கள். பதினெட்டாயிரத்துச் சொச்சம் மூச்சில் பதினொன்று விடுபட்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா அந்தப் பதினொண்ணு?"

"தலையைத் திருப்பிக்கிட்டான். காத்து அந்தப் பக்கம் போயிடுச்சு."

"இவன் திரும்பாம இருப்பானா? அந்தப் பக்கமும் ஒண்ணு வைங்க."

அதுவரை திரையையே பார்த்திருந்தவள் அப்போதுதான் குழந்தையைப் பார்த்தாள். மெழுகுபோன்ற மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தொடலாமா?"

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள் நாத்தனார்.